1966 ஸ்பிட்ஃபயர்: மேட்டில் இழுவை இல்லை, பேட்டரிக்குச் சார்ஜும் ஏறவில்லை

பொருநைக்கரை (பாளையங்கோட்டை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா தூத்துக்குடியில் நெடுங்காலம் வைத்திருந்து என்னிடம் ஒப்படைத்த 1966ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 வண்டியைப் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும். 1147 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், லூகாஸ் டைனமோ என எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் வரை சமதரையில் ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பாபநாசத்தைத் தாண்டிக் காரையாறு மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும் மூன்றாம் கியரில் இழுவை விழுந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மிஸ்ஸிங் அடித்து வண்டி குலுங்குகிறது.

இன்னொரு தொல்லை சார்ஜிங். பழைய பேட்டரி வீணாகிவிட்டதால் நகரில் ஒரு கடையில் புதியது வாங்கினேன். அவர்களே பொருத்தியும் கொடுத்தார்கள். அன்று மாலை வீடு திரும்பும்போது டேஷ்போர்டின் சிவப்புச் சார்ஜ் விளக்கு, எஞ்சின் வேகம் கூடும்போது அணைவதற்குப் பதிலாக முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. பானெட்டுக்குள்ளிருந்து வயர் கருகும் வாடையும் வந்தது. அடுத்த சில நாள்களில் அந்த விளக்கு எரிவதே நின்றுபோயிற்று. இப்போது வீட்டில் சார்ஜர் போட்டால்தான் வண்டியை எடுக்க முடிகிறது.

கார்புரேட்டர்களைப் பிரித்துப் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டரைப் பொருத்தலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். இரண்டு பேருமே வேலை தெரிந்தவர்கள்தாம். ஆனாலும் மாமா அறுபது ஆண்டுப் பழமை கெடாமல் காத்த வண்டியில் காரணம் தெரியாமல் எதையும் மாற்ற மனம் ஒப்பவில்லை. இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகளா, ஒன்றிலிருந்து மற்றது வந்ததா? சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

ஹெரால்டுக்காரன் (சென்னை) எழுதியது:

அண்ணாச்சி, இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரு வரி மிகவும் முக்கியமானது. டைனமோ வேலை செய்யவில்லை என்றால் சார்ஜ் விளக்கு ஒரே அளவில் எரிந்துகொண்டிருக்கும். டைனமோ நலிந்திருந்தால் அரைகுறையாக மங்கும். வேகம் கூடக் கூடப் பிரகாசம் கூடினால், டைனமோ நல்ல வோல்ட்டேஜைத்தான் உண்டாக்குகிறது, ஆனால் அது பேட்டரிக்கு எதிர்த்திசையில் நிற்கிறது என்றே பொருள். அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலும் மறுமுனை டைனமோவின் டி முனையிலும் (மின்சாரம் வெளிவரும் முனை) சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே துருவமாக இருந்தால் வோல்ட்டேஜ் சமமாகி விளக்கு அணைகிறது. எதிர்த் துருவங்களாக இருந்தால் பேட்டரியின் 12 வோல்ட்டும் டைனமோவின் 13, 14 வோல்ட்டும் கூடி அந்தச் சிறு பல்பின் மேல் விழுகின்றன. அது கருகிப்போனதில் வியப்பில்லை.

ஸ்பிட்ஃபயர் மார்க் 2 பாசிட்டிவ் எர்த் வண்டி. அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர வேண்டும். இன்றைய வண்டிகள் எல்லாமே நெகட்டிவ் எர்த் என்பதால், புதிய பேட்டரியைப் பொருத்தியவர்கள் பழக்கத்தில் நெகட்டிவ் முனையைப் பாடியில் மாட்டியிருப்பார்கள் என்பது என் வலுவான ஊகம். இதை யாரும் கண்டுபிடிக்காததற்கும் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஃபீல்டும் (நிலையாக நிற்கும் சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) தொடர் இணைப்பில் இருப்பதால், துருவத்தை எப்படி மாற்றினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் துருவ வேறுபாடே கிடையாது. ஆகவே சாவியைத் திருப்பினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

ஆனால் டைனமோ தன் இரும்பில் தங்கியிருக்கும் பழைய காந்தத்தின் திசையிலேயே மின்சாரத்தைக் கிளப்புகிறது. 13 வோல்ட்டை நெருங்கியதும் டைனமோவைப் பேட்டரியோடு இணைத்தும் துண்டித்தும் விடும் கட்-அவுட் பெட்டியில் உள்ள கான்டாக்ட் மூடிக்கொள்ளும். துருவம் மாறியிருக்கும்போது அது மூடினால் ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்தான். கான்டாக்ட் படபடவென்று அடித்துக் கருகும். நீங்கள் முகர்ந்த வாடை அதுவாக இருக்கலாம்.

இழுவைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிளக்கின் நடு எலக்ட்ரோடு சூடானது. அது நெகட்டிவாக இருந்தால் பொறி எளிதாகப் பாயும். பேட்டரியின் துருவம் மாறி, காயிலின் (பிளக்குகளுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) வயர்கள் பழையபடியே இருந்தால் நடு எலக்ட்ரோடு பாசிட்டிவாகிவிடும்; அப்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவை. சமதரையில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு என்பதால் காயில் எப்படியோ ஈடுகொடுத்துவிடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அழுத்தம் ஏறி, பொறி பாயாமல் மிஸ்ஸிங் அடிக்கும். சார்ஜ் ஏறாத பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சோதிக்கும் முறை இது. முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு டைனமோவின் டி, எஃப் (ஃபீல்டு) முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை அதிலும் கறுப்பு வயரைப் பாடியிலும் வையுங்கள். எஞ்சினை ஐட்லிங்கிலிருந்து மெதுவாக உயர்த்தினால் வோல்ட்டேஜ் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் போக விடாதீர்கள். எஞ்சினை விரட்டவும் கூடாது. மீட்டரில் கழித்தல் குறி வருகிறதா என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

தென்காசிச் சாலை எழுதியது:

மின்சாரம் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் இழுவைக் குறைவு முழுவதையும் காயில் மேல் போட்டுவிட முடியாது. இன்று பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் கலந்திருப்பதால், 1960களின் பெட்ரோலுக்கு அமைத்த எஸ்.யு. கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்துவிடும், அதாவது பெட்ரோலின் பங்கு குறைந்துவிடும். பழைய ரப்பரையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். எஞ்சின் பக்கவாட்டில் உள்ள பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேடேறும்போது பெட்ரோல் ஆவியாகிப் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு.

வேறுபடுத்தி அறிய எளிய வழி இருக்கிறது. மேட்டில் இழுவை விழும் நேரத்தில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். எஸ்.யு.வில் சோக் ஜெட்டைக் கீழிறக்கிக் கலவையைக் கூட்டுகிறது. வண்டி உடனே தெளிந்தால் குறை பெட்ரோல் பக்கம்; எந்த மாற்றமும் இல்லாவிட்டாலோ மோசமானாலோ குறை பெரும்பாலும் இக்னிஷன் பக்கம். வீட்டில் நிறுத்தியும் பார்க்கலாம்: எஞ்சின் சூடான பிறகு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் லேசாக ஏறி இயல்புக்குத் திரும்பினால் கலவை சரி. ஏறியபடியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு.

உப்பளத்தெரு (தூத்துக்குடி) எழுதியது:

வண்டி எங்கள் ஊரில் இருந்தது என்பதால் இதைச் சொல்கிறேன். கடல்காற்றில் எர்த் இணைப்புகள் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு பட்டை வயர் இருந்தாக வேண்டும். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள் வழியாக வழி தேடும். காயிலின் உயர் அழுத்த வயரை எர்த் செய்துவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் மற்ற அளவுகளை நம்ப முடியாது.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியில் இருக்கிறது. பாசிட்டிவ் முனைக்கு உரிய பெரிய கிளாம்ப் மெலிந்த நெகட்டிவ் முனையில் தளர்ந்திருந்ததால் இடையில் தகரத் துண்டைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். டைனமோ வோல்ட்டேஜ் சீராக ஏறி 18 வரை வந்தது. மீட்டரில் கழித்தல் குறி. கட்-அவுட் மூடியைத் திறந்தால் கான்டாக்ட் இரண்டும் கருகி உருகியிருக்கின்றன. எஞ்சின் எர்த்தில் 0.2 வோல்ட்தான் இழப்பு. மேட்டில் சோக்கை இழுத்தபோது குலுக்கல் குறையவில்லை, ஆனால் வீட்டில் பிஸ்டனைத் தூக்கியபோது பின்பக்கக் கார்புரேட்டரில் எஞ்சின் அணையப் பார்த்தது. இனி நெகட்டிவ் எர்த்தாகவே மாற்றிக்கொள்வதா, பழையபடி வைப்பதா?

ஹெரால்டுக்காரன் (சென்னை) எழுதியது:

பழையபடி வைப்பதே நல்லது. டைனமோவின் காந்தம் இன்னும் தன் பழைய திசையிலேயே இருக்கிறது என்பதற்கு அந்தக் கழித்தல் குறியே சான்று. பேட்டரியைச் சரியாகத் திருப்பி மாட்டினால் டைனமோவையும் காயிலையும் தொட வேண்டியதே இல்லை. காயிலின் பாசிட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துத் தருவது) பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவதும் கடினமன்று: காயில் வயர்களை இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை அந்த எஃப் முனையில் ஓரிரு முறை தொட்டெடுத்தால் காந்தம் திரும்பிவிடும். ஆனால் உங்களுக்கு அதற்கான தேவை இல்லை. பாசிட்டிவ் எர்த்தில் புதுவகை ரேடியோ, போன் சார்ஜர் ஆகியவற்றை நேரடியாக மாட்டக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

கட்-அவுட் பெட்டியில் உருகிய கான்டாக்டைத் தேய்த்துப் பயன்படுத்துவதை நான் விரும்பவில்லை, பெட்டியையே மாற்றுங்கள். இந்த எஞ்சினும் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் எஞ்சினும் ஒரே குடும்பம், ஸ்பிட்ஃபயரின் சேசிஸே ஹெரால்டு சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். ஆகவே பழைய ஹெரால்டு சாமான் வைத்திருப்பவர்களிடம் பொருத்தமான பெட்டி கிடைக்க வாய்ப்புண்டு. மாட்டுவதற்கு முன் டைனமோவிலிருந்து வரும் தடித்த மஞ்சள் வயரின் உறை உருகியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். மாட்டிய பின், ஏ, ஏ1 என்று குறித்த முனைகளின் வயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, டி முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 16 வோல்ட்டை ஒட்டி நிலைக்க வேண்டும். வெயில் நேரத்தில் சற்றுக் குறைவாகவே காட்டும். டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்ணார்பேட்டை நெரிசலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் பேட்டரி இறங்குவது இயல்பே.

இவை முடிந்த பிறகே பின்பக்கக் கார்புரேட்டருக்கு வாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.010 என்று வைத்து, டைமிங்கையும் பார்த்துவிட்டால், தென்காசி நண்பர் சொன்ன கலவைக் குறை எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரியும். ஜெட் நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை (நட்டின் ஒரு பக்கம்) அளவு மட்டும் திருகிக் கீழிறக்கி, இரண்டு கார்புரேட்டரிலும் பிஸ்டன் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்குப் பிறகு காரையாறு ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். அப்போதும் குலுக்கல் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அட்வான்ஸ் எடைகளையும் (வேகம் கூடும்போது டைமிங்கை முன்தள்ளுபவை) கண்டென்சரையும் பார்ப்போம்.