ஆட்டா மாவுக்கு மட்டும் ஏன் அந்த விலை?

சப்பாத்தி அக்கா, சுங்கை சிப்புட், மலேசியா:
தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்தபின் வீட்டிலேயே சப்பாத்தி போட்டு விற்கிறேன். என் கணக்குப் புத்தகத்தில் 2022-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தாலே வயிறு எரிகிறது. வெள்ளை மாவு ஒரு கிலோ பொட்டலம் 1 வெள்ளி (ரிங்கிட்) 35 காசில் அசையாமல் நின்றது. ஆட்டா மட்டும் ஏறிக்கொண்டே போனது. இரண்டும் கோதுமைதானே? கடைக்காரரைக் கேட்டால், "இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவிட்டது" என்றார். நிறுத்தியதில் அங்குள்ள விவசாயிக்கு என்ன லாபம்? (வெள்ளை மாவிலேயே போடு என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். போட்டுப் பார்த்துவிட்டேன், ஆறினால் செருப்புத் தோல்.)

ஓய்வுபெற்ற கிராணி:
தங்கச்சி, 1.35 என்பது பொதுப் பயன்பாட்டு மாவுக்கு அரசு மானியம் கொடுத்துக் கட்டி வைத்த விலை. ஆட்டா அதில் சேராது. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை; வெளியே ஏறினால் உங்கள் தலையில்தான் விடியும்.

இந்தியக் கதை இது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டு உலக விலை எகிறியது. மார்ச் வெயிலில் பஞ்சாப், அரியானா பக்கம் மணிகள் சுருங்கிவிட்டன. அரசின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய். வியாபாரிகள் அதற்கு மேல் கொடுத்தார்கள். விவசாயிகள் அவர்களிடமே விற்றார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் வாங்கிய அரசுக்கு அந்த ஆண்டு சுமார் 188 லட்சம் டன்தான் கிடைத்தது. ரேஷனுக்கு எங்கே போவது? மே 13-இல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை, ஆகஸ்டில் மாவுக்கும் தடை. விவசாயிக்கு லாபம் எங்கே? நல்ல விலை வந்த நேரத்தில் சந்தையை மூடினார்கள்.

ஆறு ஏக்கர் செம்பனை:
நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலையைக் குறைக்க வேண்டுமாம். அங்கே செம்பனைக் குலை (பாமாயில் பிழியும் பழக்குலை) விலை சரிந்து, சிறு தோட்டக்காரர்கள் ஜகார்த்தாவில் போராடினார்கள். மே 23-இல் தடை நீங்கியது. அந்த மாதம் இங்கே என் குலைக்கு நல்ல விலை கிடைத்தது. மறைக்க மாட்டேன், மகளுக்கு மடிக்கணினி வாங்கினேன்.

சப்பாத்தி அக்கா:
கிராணி அண்ணே, நன்றி. அங்கே ரேஷன் வரிசையில் நிற்கிறவளை நினைத்தால் முழுதாகத் திட்டவும் வாய் வரவில்லை. அப்போது ஒரு சப்பாத்திக்கு 20 காசு ஏற்றினேன். தினமும் ஆறு வாங்கிய ஆசிரியர் ஒருவர் அன்று போனவர்தான். இப்போது எதிர்ச் சாலையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார். பார்த்தால் கையாட்டுவார்.