மங்கு, புருவ நடுக் கோடு, ஆறு சிட்டிங் பேக்கேஜ்: தை மாசத்துக்குள்ள எதைச் செய்யலாம், எதை விடலாம்?

காசிமேடு_கனகா:

வயசு 41. ரெண்டு கன்னத்துலயும் மேல் உதட்டுலயும் மங்கு (கறுப்புத் திட்டு), ஆறேழு வருஷமா இருக்கு. புருவத்துக்கு நடுவுல ரெண்டு நேர்க்கோடு, சும்மா உக்காந்திருந்தாலே "இன்னா கோவம்?"னு கேக்குறாங்க. தை மாசம் வீட்ல கல்யாணம், கையில நாலு மாசம் இருக்கு. வேலை டிபன் கடை. காலைல அஞ்சு மணி நேரம் தோசைக்கல் முன்னாடி, அப்புறம் வண்டியில எம்.சி. ரோடு வரைக்கும் போய் வரணும்.

மூணு வருஷமா மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குன ஒரு க்ரீம் ராத்திரி போடுறது. போட்டா வெளுக்குது, ரெண்டு நாள் விட்டா எரியுது, செவக்குது. ஒரு கிளினிக்ல ஆறு லேசர் சிட்டிங், குளுட்டாதியோன் டிரிப் (வெளுக்குறதுக்கு நரம்புல ஏத்துறது), சிரிப்புக் கோட்டுக்கு ஃபில்லர் எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ் சொல்லி, இந்த வாரமே அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க.

வெள்ளையாகணும்னு ஆசை இல்ல. முகம் களையா இருக்கணும், "என்ன பண்ணிக்கிட்ட?"ன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. எதுல ஆரம்பிக்கணும், எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓபி_சீட்டு:

முதல் வேலை லேசர் இல்லைங்க, அந்த க்ரீம்தான். போட்டா வெளுக்குது, விட்டா எரியுதுன்னு நீங்க எழுதினதே பாதி நோயைச் சொல்லிடுச்சு. அதுல ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். மாசக்கணக்கா முகத்துல ஸ்டீராய்டு பட்டா தோல் மெலிஞ்சு போகும், நுண்ணிய ரத்தக்குழாய் விரிஞ்சு வெளியே தெரியும், பரு மாதிரி பொரிப்பொரியா வரும், கன்னத்துல பூனைமுடி அடர்ந்துடும். அந்த மாதிரித் தோல் மேல லேசரோ பீலோ (ரசாயனம் பூசித் தோலை உரிக்கிறது) வெச்சா கறுப்புதான் மிஞ்சும். நம்ம மாநிறத் தோலோட குணம் அது. சூடு பட்டாலும் புண் வந்தாலும் ஆறும்போது அந்த இடத்துல நிறமியைக் கொட்டிட்டுத்தான் ஆறும்.

ஆனா இன்னிக்கே ட்யூப்பைத் தூக்கிப் போட்டுட்டு முழுசா நிறுத்திடாதீங்க. மூணு வருஷம் பழகின தோல் திடீர்னு விட்டா முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல பயங்கரமா சிவந்து எரியும். தோல் டாக்டர் பொதுவா வீரியம் கம்மியான ஒண்ணுக்கு (உதாரணம் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம்) மாத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பிறகு நிறுத்துவாங்க. சிலருக்கு இடையில டாக்ரோலிமஸ் களிம்பு எழுதுவாங்க. அந்த நாள்ல நுரை கம்மியான ஃபேஸ்வாஷ், செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மூணே பொருள், நாலாவது வேண்டாம். இந்தக் கட்டத்துல முகம் முன்னைவிட மோசமாத் தெரியும். பாதிப் பேர் அப்பதான் பயந்து பழைய ட்யூப்பையே மறுபடி எடுக்குறாங்க. நாலு மாசத்துல ஒண்ணரை ரெண்டு மாசம் இதுக்கே போயிடும், கணக்குல வெச்சுக்குங்க.

தோல் அடங்கின பிறகு மங்குக்கு அசலாயிக் ஆசிட் 15 அல்லது 20 சதவீதம் நல்ல ஆரம்பம். முதல் ரெண்டு வாரம் லேசா அரிக்கும், அது பழகிடும். மாத்திரைன்னா டிரானெக்ஸாமிக் ஆசிட் 250 மில்லிகிராம், பொதுவா தினம் ரெண்டு வேளை தருவாங்க. இது ரத்தம் உறையறதோட சம்பந்தப்பட்ட மருந்து. கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சவங்களுக்கும் பக்கவாதம் வந்தவங்களுக்கும் கூடாது, கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் பொதுவா தர மாட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டாங்கன்னு கடையில வாங்கிச் சாப்பிடுற மாத்திரை இல்லை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூணும் கலந்த க்ரீம் வேலை செய்யும், ஆனா அதுக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு வாரம்தான் கெடு. உங்க முகத்துக்கு அது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

குளுட்டாதியோன் டிரிப்: நிறத்துக்காக ஏத்துறதுக்கு நம்ம நாட்டுல அனுமதி கிடையாது. கடும் அலர்ஜி வரலாம், ஈரலைப் பாதிக்கலாம், நிறுத்தினா வந்த வெளுப்பும் போயிடும். அதுவும் நீங்க வெளுப்பே கேக்கல!

லேசர் டோனிங் (க்யூ ஸ்விட்ச்ட், 1064 நானோமீட்டர்) மங்குக்கு முதல் வைத்தியம் கிடையாது. மத்த எதுக்கும் அசையாத மங்குக்குக் கடைசியா யோசிக்கிறது. நிறுத்தினா திரும்ப வரும். அடிக்கடி, அதிக ஆற்றல்ல பண்ணினா அரிசி தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி விழும், அதை மறுபடி நிறமாக்குறது மங்கைவிடக் கஷ்டம். ஆறு சிட்டிங்கை முன்கூட்டியே விக்கிற இடம், மூணாவதுல தோல் மறுப்பு சொன்னா நிறுத்துமான்னு கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுத்திருந்தா அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதுக்கு அடையாளம். தேய்க்காதீங்க, ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட்) பாருங்க. கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துடலாம். சோகை இருந்தா எந்த க்ரீமும் களையைக் கொண்டு வராது.

மருந்துச்சீட்டு:

ட்யூப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் இவற்றில் மிக வீரியமானது, முகத்துக்கு ஆகவே ஆகாது. இவ்வகை க்ரீம்கள் 2018 முதல் ஹெச் அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதே தவறு, ஆனாலும் வடசென்னை மட்டுமல்ல, எங்கும் விற்கிறார்கள்.

லேபிளில் ஒன்றுமே எழுதாத, அல்லது வேற்று மொழியில் மட்டும் எழுதிய டப்பா இன்னும் ஆபத்து. பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்தில் "இம்போர்ட்டட்" என்று கிடைக்கும் வெளுப்பு க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். நம் நாட்டு விதிப்படி கண்ணைச் சுற்றிப் பூசாத அழகுசாதனத்தில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 1 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் ஒரு பங்கை) தாண்டக்கூடாது. 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு கெட்டு, சிறுநீரில் புரதம் போனதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பெயர் தெரியாத க்ரீம் போட்டவர் யாராக இருந்தாலும், கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

ஊசிமுனை:

புருவ நடுக் கோட்டுக்கு மட்டும் பேசறேன், ஏன்னா நீங்க சொன்ன லிஸ்ட்ல தை மாசத்துக்குள்ள நம்பி இறங்கக்கூடியது அது ஒண்ணுதான். "கோவமா இருக்கியா"ங்கிற கேள்வியை நிறுத்துறதும் அதுதான்.

அது போட்டுலினம் டாக்சின் (போடாக்ஸ்னு பேச்சுல சொல்றது), ஃபில்லர் இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டாக்சின் தசையைத் தளர்த்தும், ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். புருவ நடுவுல ஃபில்லர் போடுறது முகத்துலயே ஆபத்தான இடங்கள்ல ஒண்ணு, ரத்தக்குழாய்க்குள்ள போனா பார்வையே போகலாம்.

அந்த இடத்துக்கு வழக்கமான அளவு அஞ்சு புள்ளியில மொத்தம் 20 யூனிட். இது ஒரு பிராண்டோட கணக்கு. வேற பிராண்ட் யூனிட் இதோட நேர் சமம் இல்லை. இயற்கையா இருக்கணும்னா முதல் தடவை கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லி, ரெண்டு வாரம் கழிச்சுப் போய்க் காட்டுங்க. சேக்கறது சுலபம், எடுக்கறதுக்கு வழியே இல்லை, மூணு நாலு மாசம் காத்திருக்கணும். மூணாவது, நாலாவது நாள் தளர ஆரம்பிக்கும், முழுப் பலன் ரெண்டு வாரத்துல. அதனால கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னாடி, அதாவது கார்த்திகைக் கடைசி, மார்கழி ஆரம்பம் சரியா இருக்கும். கடைசி வாரத்துல போய் நிக்காதீங்க.

பொம்மை முகம் எங்க வருதுன்னா, நெற்றி முழுக்க ஊசி குத்தும்போது. புருவத்தைத் தூக்குற ஒரே தசை நெற்றித் தசைதான். அதை மொத்தமா முடக்கினா புருவம் கண்ணு மேல இறங்கும். வீட்லயே ஒரு சோதனை: கண்ணை மூடி, நெற்றியை முழுசாத் தளர்த்தி, மெதுவாத் திறங்க. திறக்கும்போது புருவம் தானா மேல ஏறினா, இமை கனமா இருக்குன்னு அர்த்தம். நெற்றிக்கு ஊசி வேண்டாம்னு சொல்லிடுங்க. புருவ ஓரம் மட்டும் வில்லன் மாதிரி மேல வளைஞ்சு நின்னா, ஓரத்துத் தசைக்கு ஊசி விட்டுப்போச்சுன்னு அர்த்தம், ஒண்ணு ரெண்டு யூனிட்ல சரியாயிடும். ஒரு பக்க இமை தொங்கினா மருந்து உள்ளே பரவியிருக்கு. பொதுவா சில வாரத்துல தானா ஏறும், இருந்தாலும் போட்ட டாக்டருக்கு உடனே சொல்லணும். இதைத் தவிர்க்கத்தான் ஊசிக்குப் பிறகு நாலு மணி நேரம் படுக்காதே, நெற்றியைத் தேய்க்காதேங்கறது. அன்னிக்கு அடுப்படிக்கும் லீவு, தலைக்கு எண்ணெய் வெச்சு அழுத்தவும் வேண்டாம்.

"ஏரியாவுக்கு இவ்ளோ"ன்னு விலை பேசாதீங்க, யூனிட் கணக்குல பேசுங்க. மருந்துக் குப்பியை உங்க கண்ணு முன்னாடி திறக்கணும், பிராண்ட், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி சீட்டுல ஒட்டணும். அதிகமா சலைன் (உப்புத் தண்ணி) ஊத்தி நீர்த்துக் குடுக்குறது நடக்குது, அப்பதான் "எனக்கு ஒரு மாசத்துல போயிடுச்சு"ன்னு பேச்சு வரும். கர்ப்பிணி, பால் குடுக்குறவங்க, மயஸ்தீனியா (தசை பலவீனமாகுற) நோய் உள்ளவங்க இதைப் போடக் கூடாது.

சிரிப்புக் கோட்டை விட்டுடுங்க. சிரிச்சா கோடு விழத்தான் செய்யும். அந்தக் கோட்டுக்குள்ளயே ஃபில்லரைக் கொட்டினாதான் வாய்ப் பக்கம் உப்பி, குரங்கு மூஞ்சி ஆகுது. எப்பவாவது மனசு மாறிப் போட்டாலும் ஹயலுரானிக் ஆசிட் வகை மட்டும். அதைக் கரைக்கிற ஹயலுரானிடேஸ் மருந்து அந்த அறையிலேயே இருக்கான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னா எழுந்து வந்துடுங்க.

காசிமேடு_கனகா:

ரொம்ப நன்றி. ட்யூப்ல மோமெட்டசோன், ஹைட்ரோகுவினோன்னு ரெண்டும் இருக்கு. அட்வான்ஸ் கட்டல. மூணு சந்தேகம். தோசைக்கல் அனல்ல சன்ஸ்கிரீன் நிக்குமா? தலைக்கு டை அடிக்கிறது உண்டு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? ஸ்டிக்கர் பொட்டு வெச்ச இடத்துல லேசா வெளுப்பு தெரியுது, அதுவும் க்ரீமாலதானா?

ஓபி_சீட்டு:

மூணும் நல்ல கேள்வி. வெயில் மட்டுமில்லை, அடுப்பு அனலும் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும்கூட மங்கைத் தூண்டும். சாதா சன்ஸ்கிரீன் வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் (டின்டட்னு போட்டிருக்கும்) வாங்குங்க, எஸ்பிஎஃப் 30-க்கு மேல, தண்ணி தாங்குற வகை. அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்குக் கோடு போட்டு, முகத்துக்கும் கழுத்துக்கும். வியர்வையைத் தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, கடை முடிஞ்சதும் மறுபடி ஒரு தரம். இப்படி ரெண்டு வேளை போட்டா 50 கிராம் ட்யூப் ஒரு மாசத்தைத் தாண்டாது. தாண்டினா பத்தலைன்னு அர்த்தம். ஒரு டேபிள் ஃபேன் கல்லோட அனலை முகத்துல அடிக்காம பக்கவாட்டுல தள்ளுற மாதிரி வெச்சா அதுவும் மருந்துதான். வண்டியில போறப்ப சன்ஸ்கிரீனோட துப்பட்டாவையும் சுத்திக்குங்க.

டையில பிபிடி (முடியைக் கறுப்பாக்குற ரசாயனம்) இருந்தா நெற்றி ஓரம், காதுமுன், கழுத்துப் பக்கம் சாம்பல் கலந்த கறுப்பு வரலாம். அது மங்கு இல்லை, அலர்ஜிக் கறுப்பு. அது இருந்தா டையை நிறுத்தாம எந்த க்ரீமும் வேலை செய்யாது. பொட்டுக்குப் பின்னாடி ஒட்டுற பசையில சில வகையில பிடிபிபி-ங்கற ரசாயனம் இருக்கும், அது நிறமி செல்லையே கொல்லும். உடனே நிறுத்தி, குங்குமமோ ஐடெக்ஸோ வேற இடத்துல வெச்சுப் பாருங்க. அந்த வெளுப்பை டாக்டர்கிட்ட தனியாக் காட்டுங்க, வெண்புள்ளியான்னு அவங்க பார்ப்பாங்க.

பவுடர்_பஃப்:

கல்யாணத்து அன்னிக்கு மேக்கப்புக்கு வரவங்க வேலை இது, ஆனா நீங்களே தெரிஞ்சு வெச்சுக்கினா ஏமாற மாட்டீங்க. மங்கு மேல நேரா ஃபவுண்டேஷன் அப்பினா சாம்பல் பூத்தாப்ல தெரியும். முதல்ல ஆரஞ்சு கலந்த கரெக்டர், மாநிறத்துக்குப் பீச் பத்தாது, மங்கு மேல மட்டும் விரலால ஒத்தணும். அப்புறம்தான் ஃபவுண்டேஷன். கலரு தாடையோரம் வெச்சு, வாசல் வெளிச்சத்துல பாக்கணும், டியூப் லைட்டுல இல்ல. அரை ஷேடு கூட வெள்ளையா எடுக்காதீங்க. கழுத்து வேற, மூஞ்சி வேறன்னு ஆல்பத்துல காலத்துக்கும் நிக்கும். ஃபிளாஷ்ல வெள்ளையடிக்கிற பவுடர்னு ஒண்ணு இருக்கு (சிலிக்கா ஜாஸ்தி உள்ளது), முன்னாடியே ஒரு போட்டோ புடிச்சுப் பாத்துடுங்க.

ப்ளீச் வேணாம், எலுமிச்சம்பழம் தேய்க்கிறது வேணவே வேணாம். எலுமிச்சை பட்ட தோல் வெயில்ல வெந்து கறுக்கும். த்ரெட்டிங் ஓகே, மேல் உதட்டுக்கு வாக்ஸ் வேணாம். ட்ரெட்டினாயின் போடுறவங்களுக்கு வாக்ஸ் தோலோட பிய்ச்சிக்கினு வரும். புது ஃபேசியல் எதுவா இருந்தாலும் கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடியோட நிறுத்திக்கோங்க.

ஊசிமுனை:

போட்டோன்னதும் ஞாபகம் வந்தது. முன்னேற்றத்தை செல்ஃபியில பாக்காதீங்க. ஒரு அடி தூரத்துல எடுத்த செல்ஃபி, அஞ்சடி தள்ளி எடுத்ததைவிட மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாக் காட்டும்னு 2018-ல கணக்குப் போட்டே காட்டியிருக்காங்க. மாசம் ஒரு தடவை, அதே ஜன்னல், அதே நேரம், வேற ஒருத்தர் அஞ்சடி தள்ளி நின்னு பின் கேமராவுல எடுக்கட்டும். அது போதும். தினம் கண்ணாடி முன்னாடி ஒரு மணி நேரம் அந்த ஒரே புள்ளியைப் பாத்துக்கிட்டு, வெளியே போகவே கூசுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லணும். அதுக்கு வேற மருத்துவம் இருக்கு, ஊசி இல்லை.

ஓபி_சீட்டு:

ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே, தோல் பிரிவு ஓபி காலைல. கடையை ஒரு நாள் யாரையாவது பாத்துக்கச் சொல்லிட்டுப் போங்க. தனியார்னா போர்டுல டி.வி.எல். (தோல் மருத்துவ மேற்படிப்பு), பதிவு எண் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. "காஸ்மெட்டாலஜிஸ்ட்"னு மட்டும் போட்டிருந்தா அவங்க டாக்டராங்கறதையே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இதுவரைக்கும் போட்ட ட்யூப், சோப்பு, டை பாக்கெட், பொட்டு அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. அன்னிக்குக் காலைல மட்டும் பவுடர் போடாதீங்க.