ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) வலிக்கு நாலு மாசத்துல ஏழு தடவை ஊசி போட்டாச்சு. இப்படியே தொடரலாமா?

கரும்பலகை:

எனக்கு 34 வயசு, கணக்கு வாத்தியார். ஐபிஎஸ்னு சொல்லி மூணு வருஷம் ஆகுது. ரத்தம், மலம், ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் பார்த்தாச்சு, எதிலயும் ஒண்ணும் இல்லை. எனக்கு வயிற்றுப்போக்கு வகை. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை போகும், அதைக்கூட சமாளிச்சுடுவேன். தாங்க முடியாதது வலிதான். தொப்புளுக்குக் கீழ இடது பக்கம், ஈரத்துணியை முறுக்கிப் பிழியற மாதிரி வரும். ஒரு நிமிஷம் விடும், மறுபடி பிடிக்கும்.

நாலு மாசம் முன்னாடி பாடம் நடத்திட்டு இருக்கும்போதே அப்படிப் பிடிச்சுது. சாக்பீஸைக் கீழ போட்டுட்டு மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கூட வேலை பார்க்கறவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். இடுப்புல ஒரு ஊசி போட்டாங்க. அரை மணி நேரத்துல வலி போன இடம் தெரியலை. அன்னிக்கு நான் அழுதுட்டேன். வலியால இல்லை, வலி நின்ன நிம்மதியில.

அதுக்கப்புறம் ஆறு தடவை போட்டுக்கிட்டேன். இப்ப வயிறு லேசா இழுத்தாலே மனசு ஊசிக்குத் தாவுது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டுல அப்படியே கிடக்கு, வலி வந்தப்புறம் போட்டுப் பார்த்தேன், கேட்கலை.

நான் கேட்க நினைக்கறது இதுதான். மாத்திரையை விட ஊசி வலுவானதா? வலி வர்றதுக்கு முன்னாடியே வாரம் ஒரு ஊசி போட்டுக்கிட்டா தடுத்துடலாமா? உடம்பு இதுக்குப் பழகிடுமா? கேட்டா, "வலிச்சா வாங்க, போட்டுடலாம்"னு மட்டும்தான் சொல்றாங்க. வீட்டுல மனைவி ரொம்பப் பயப்படறாங்க.

ஈரத்துண்டு:

எனக்கும் இதே கதைதான் சார், எட்டு வருஷமா. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊசி போட்டுக்கப் போற வழியிலயே எனக்கு வலி பாதி இறங்கிடும். இனி என்னைப் பார்த்துப்பாங்கங்கற தைரியம்தான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. இப்ப வெந்நீர்ப் பையை அடிவயிற்றுல வெச்சுக்கிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துடுவேன். எல்லாத் தடவையும் கேட்காது, பல தடவை கேட்கும்.

இரவுப்பணி:

தம்பி, நான் அவசர சிகிச்சைப் பிரிவுல 19 வருஷமா நர்ஸ். எனக்கும் 11 வருஷமா ஐபிஎஸ் இருக்கு. ஊசி போடற கையாவும் போட்டுக்கற உடம்பாவும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல உங்களுக்குப் போட்டது என்ன மருந்துன்னு தெரியுமா? "வயிற்று வலி ஊசி"ன்னு எல்லாரும் பொதுவாச் சொல்றதுல ரெண்டு மூணு மருந்து இருக்கு. பெரும்பாலும் டைசைக்ளோமின், இல்லேன்னா பஸ்கோபான்ங்கற பேர்ல வர்ற ஹையோசின் பியூட்டைல்புரோமைடு. ரெண்டும் செய்யற வேலை ஒண்ணுதான். குடல் சுவர்த் தசை சுருங்கணும்னா நரம்பு நுனியில இருந்து அசிடைல்கோலின்னு ஒரு பொருள் வந்து தசையைத் தொடணும். அது தொடற இடத்தை இந்த மருந்து அடைச்சுக்கும். தசை தளரும், முறுக்கு விடும். இதைச் சொல்லும்போது இன்னொண்ணையும் சொல்லியாகணும். டைசைக்ளோமின், டைக்ளோஃபெனாக் ரெண்டுக்கும் பேர் காதுல ஒரே மாதிரி விழும். ரெண்டாவது வலிநிவாரணி, தசைப்பிடிப்புக்கான மருந்து இல்லை, வயிற்றையும் குடலையும் புண்ணாக்கக்கூடியது. அதனால ஒவ்வொரு தடவையும் பேரைக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நோயாளி பேர் கேட்டா, மருந்து இருக்கற கண்ணாடிக் குப்பியைத் திருப்பி எழுத்தைக் காட்டிட்டுத்தான் நான் அதோட கழுத்தை உடைப்பேன்.

ஊசி வலுவானதான்னு கேட்டீங்க. டைசைக்ளோமினைத் தசையில போட்டா, அதே அளவு மாத்திரையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ரத்தத்துல சேரும். ஹையோசின் மாத்திரையில ரத்தத்துக்குப் போறது நூத்துல ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் ஊசி போட்டா வித்தியாசம் தெரியாம எப்படி இருக்கும்? ஆனா வலு கூடினா பக்கவிளைவும் கூடும், அதனாலதான் வரம்பு. டைசைக்ளோமின் ஊசி மாத்திரை முழுங்க முடியாதவங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள் மட்டும், 10இல இருந்து 20 மில்லிகிராம் வரை, ஒரு நாளைக்கு நாலு வேளைன்னுதான் மருந்துக் குறிப்புலயே இருக்கு. அப்புறம் மாத்திரைக்கு மாறிடணும். இதைத் தசையில மட்டும்தான் போடணும், ரத்தக்குழாய்ல ஏத்தவே கூடாது, ரத்தம் உறைஞ்சு குழாய் வீங்கிடும். ஹையோசினை ரத்தக்குழாய்ல போடலாம், ஆனா மெதுவா.

வாரம் ஒரு ஊசி முன்கூட்டியேன்னு கேட்டீங்க இல்லையா, அதுல எனக்கு உடன்பாடே இல்லை. இந்த மருந்தோட வேலை சில மணி நேரம்தான். திங்கக்கிழமை போட்ட ஊசி வியாழக்கிழமை வலியை எப்படித் தடுக்கும்? வாய் வறளறதும் கண் மங்கறதும்தான் மிச்சம்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படறதைச் சொல்றேன். டைசைக்ளோமினோட மருந்துக் குறிப்புல இருக்கற ஆய்வுகள்ல, தினம் 160 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவங்கள்ல 82 சதவீதம் பேருக்கு நல்லா இருந்தது. மருந்தே இல்லாத வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 55 சதவீதம் பேருக்கும் நல்லா இருந்தது. இந்த 55ஐப் பார்த்து "அப்ப எனக்கு வலியே இல்லை, எல்லாம் கற்பனை"ன்னு எடுத்துக்காதீங்க. வலி நூத்துக்கு நூறு நிஜம், எனக்குத் தெரியும். ஐபிஎஸ்ல குடலும் மூளையும் ஓயாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கு. பயந்தா முறுக்கு ஏறும், தைரியம் வந்தா இறங்கும். ஈரத்துண்டு சொன்னது அதைத்தான். அதோட இந்த முறுக்கு வலி அலை மாதிரி, உச்சிக்குப் போய்த் தானாவும் இறங்கும். உச்சியில நாம ஊசி போட்டுக்கறோம், இறங்கின பெருமை முழுக்க ஊசிக்குப் போயிடுது.

அடுத்த தடவை ஒரு சின்ன நோட்டுல நாலு நேரம் மட்டும் குறிங்க. வலி ஆரம்பிச்சது, மோஷன் போனது, ஊசி போட்டது, வலி விட்டது. அதைப் பார்த்துட்டுப் பேசுவோம்.

பழையவீடு:

ஊசி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யாருக்குப் போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் அப்பாவுக்கு வயது 71. புராஸ்டேட் வீக்கம் உண்டு. வயிற்று வலி என்று போன இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வலி நின்றது, ஆனால் இரவு முழுக்க ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. விடியற்காலையில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பை என்னால் மறக்க முடியவில்லை. குடல் தசையைத் தளர்த்தும் மருந்து சிறுநீர்ப்பையின் தசையையும் தளர்த்திவிடும் என்று பிறகுதான் எங்களுக்கு விளக்கினார்கள்.

இரவுப்பணி:

உங்க அப்பாவுக்கு நடந்தது நடக்கவே கூடாதது. இதைப் படிக்கற எல்லாரும் ஊசி போட்டுக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லுங்க: கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் வீக்கம், மயஸ்தீனியா (தசை பலவீன நோய்), குடல் அடைப்பு, இதய நோய், பால் கொடுக்கற தாய். இதய நோய் இருக்கறவங்களுக்கு ஹையோசின் ஊசி போடறப்ப எச்சரிக்கையா இருக்கணும்னு பிரிட்டனோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல தனியாவே அறிவிச்சுது, நாடித்துடிப்பு திடீர்னு எகிறும்ங்கறதால. ஊசி போட்டப்புறம் வண்டி ஓட்டாதீங்க, பார்வை மங்கும், தலை சுத்தும்.

கரும்பலகை:

அக்கா, ரொம்ப நன்றி. சீட்டை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஏழுல நாலு டைசைக்ளோமின், ரெண்டு ஹையோசின், ஒண்ணு நீங்க சொன்ன அந்த டைக்ளோஃபெனாக். இத்தனை நாள் எல்லாமே ஒரே ஊசின்னு நினைச்சிருந்தேன்.

மாத்திரை எனக்கு ஏன் கேட்கலை? அப்புறம், வெளிப்படையாச் சொல்றேன், பசங்க முன்னாடி மறுபடி அப்படி ஆயிடுமோன்னு தினம் காலையில பயமாவே இருக்கு.

இரவுப்பணி:

தம்பி, மாத்திரை வேலைக்கு வர ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். வலி உச்சியில இருக்கறப்ப போட்டா, அது ரத்தத்துல சேர்றதுக்குள்ள வலியே போயிடும், இல்லேன்னா நீங்க ஊசிக்குப் போயிடுவீங்க. சாப்பிட்டவுடனே பெருங்குடல் வேகமாச் சுருங்கறது எல்லாருக்கும் உண்டு, நமக்கு அது அதிகம். அதனால வலி எந்த வேளைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருதோ, அதுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டு வாரம் ஒழுங்காப் போட்டும் பலன் இல்லேன்னா அதோட நிறுத்திடணும், சும்மா இழுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. மாத்திரை விஷயத்துல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. 2021ல பிரிட்டன் குடல் மருத்துவர்கள் சங்கம் சில வகை உதவலாம்னு சொன்னுச்சு, அதே வருஷம் அமெரிக்கச் சங்கம் வேண்டாம்னு சொன்னுச்சு. ஆனா வருஷக்கணக்குல ஊசி போட்டுக்கச் சொல்லி ரெண்டு பேருமே சொல்லலை.

மாசத்துக்கு ரெண்டு ஊசி தேவைப்படுதுன்னா, அடிப்படைச் சிகிச்சை போதலைன்னு அர்த்தம். உங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. அமிட்ரிப்டிலின் குறைஞ்ச அளவுல, 10இல ஆரம்பிச்சு 30 மில்லிகிராம் வரைக்கும், 463 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2023ல வந்தது. பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்ப மருந்து எடுத்தவங்க நிலைமை நல்லா இருந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கற மருந்துன்னு பயப்பட வேண்டாம், இந்த அளவுல அது குடல் நரம்போட வலி உணர்வைத் தணிக்கத்தான். அது குடலைக் கொஞ்சம் மெதுவாக்கும், வயிற்றுப்போக்கு வகைக்கு அது நல்லதுதான். ஆனா அதுவும் வாயை வறட்டும், அதனால குடல் தசையைத் தளர்த்தற மாத்திரையோட சேர்க்கும்போது டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கடைசியா ஒண்ணு. வழக்கமான வலி இல்லாம வேற மாதிரி வந்தா, வலது பக்கம் கீழே நிலையா வலிச்சா, காய்ச்சல் வந்தா, மலத்துல ரத்தம் போனா, வயிறு உப்பி காத்துகூடப் பிரியாம வாந்தி எடுத்தா, எடை குறைஞ்சா, "எனக்கு ஐபிஎஸ், அந்த ஊசியைப் போடுங்க"ன்னு நீங்களே சொல்லிடாதீங்க. நாங்களும் அவசரத்துல அதை நம்பிடுவோம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

கரும்பலகை:

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்கு ஆரம்பிச்சிருக்கார். முதல் வாரம் காலையில தூக்கம் தூக்கமா வந்துது, இப்ப இல்லை. டைசைக்ளோமின் மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மட்டும்.

நோட்டுல அஞ்சு வலி எழுதியிருக்கேன். நாலு தடவை மோஷன் போய் கால் மணியில இருந்து 40 நிமிஷத்துக்குள்ள தானா விட்டுடுச்சு. அஞ்சாவது தடவை விடலை. ராத்திரி பதினொரு மணி, ரெண்டு மணி நேரமா முறுக்கு. போய் ஊசி போட்டுக்கிட்டேன், ஹையோசின் 20 மில்லிகிராம், பேர் கேட்டு எழுதிக்கிட்டேன். போடறதுக்கு முன்னாடி வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன் அக்கா, பார்த்தாங்க.

அந்த நாலு தடவைல ஒண்ணு வகுப்புல வந்துது. பசங்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துட்டு வெளியே போயிட்டு வந்தேன். திரும்பி வந்தப்ப பாதிப் பேர் இன்னும் போட்டு முடிக்கலை.