அம்மாவின் சொதிக்கு ஷப்லியா, பீப்பாய் ஷார்டனேயா?

ஜெலுத்தோங் தங்கச்சி:

வணக்கம். அடுத்த மாதம் அண்ணனும் அண்ணியும் பெர்த்தில் இருந்து பினாங்குக்கு வருகிறார்கள். அம்மா போன பிறகு அண்ணன் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அதனால் அன்றைக்கு எல்லாம் அம்மா வைக்கிற மாதிரியே வைக்கப் போகிறேன்: தேங்காய்ப்பால் சொதி, வெளவால் மீன் பொரியல், மிளகு நண்டு, தொட்டுக்கொள்ள சம்பல். அண்ணன் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் குடிப்பார். இனிப்பு துளி இருந்தாலும் தொடமாட்டார்.

கடையில் ஷார்டனே என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் கேட்டபோது இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். ஒன்று பிரான்ஸ் ஷப்லி. இன்னொன்று ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர், ஓக் மரப் பீப்பாயில் வைத்தது. இரண்டும் ஒரே திராட்சைதான் என்றார்கள். இரண்டையும் வாங்கி வந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிப் பார்த்தோம், நானும் என் வீட்டுக்காரரும்.

ஷப்லி வெளுத்த நிறம். எலுமிச்சைத் தோலும், புதிதாக வெள்ளையடித்த சுவர் நனைந்தால் வருமே, அந்தச் சுண்ணாம்பு வாசமும். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறது. மார்கரெட் ரிவர் மஞ்சள் கூடுதல், வறுத்த முந்திரி மணம், வாய்க்குள் தடிப்பாக நிற்கிறது. ஒரே பழம் எப்படி இவ்வளவு வேறாகிறது? என் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்? ஆறு பேர், ஒரே வகையில் இரண்டு பாட்டில் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. போன தீபாவளிக்கு வேறொரு கடையில் வாங்கிய ஷப்லி, அடிபட்ட ஆப்பிள் போல இருந்தது. அந்தப் பயமும் இருக்கிறது.

கேஎல் மேசைக்காரன்:

தங்கச்சி, நான் கேஎல்லில் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் 11 வருஷம் ஒயின் பரிமாறியவன். இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன்.

ஷப்லி, பிரான்ஸில் புர்கோன் பகுதியின் வடகோடி. குளிர் அதிகம். வசந்தத்தில் பனி விழுந்து துளிர் கருகிவிடும் என்று ராத்திரியில் தோட்டம் முழுக்க மெழுகு விளக்கு ஏற்றி வைப்பார்கள். அந்தக் குளிரில் பழம் புளிப்பை விடாமல் பழுக்கிறது. மண்ணும் சுண்ணாம்பு கலந்த களி, சின்னச் சின்னச் சிப்பிப் படிமங்கள் கிடக்கும். நீங்கள் சொன்ன சுண்ணாம்பு வாசத்தை வேர் மண்ணில் இருந்து உறிஞ்சிக் கொண்டு வருவதில்லை. ஆனால் அந்த வாசத்தைச் சொல்ல எல்லாரும் அந்த வார்த்தைக்குத்தான் வருகிறோம். சாதாரண ஷப்லி பெரும்பாலும் எஃகுத் தொட்டியில்தான் இருக்கும், மரம் தொடாது. கிரான் க்ரூ (ஷப்லியிலேயே உயர்ந்த தரம்) என்று எழுதியிருந்தால் சிலர் பழைய பீப்பாயும் வைப்பார்கள்.

மார்கரெட் ரிவர் பெர்த்துக்குத் தெற்கே, கடலோரம். அங்கே ஜின் ஜின் என்று ஒரு ஷார்டனே ரகம் உண்டு. ஒரே குலையில் பெரிய பழமும் மிளகளவு குட்டிப் பழமும் சேர்ந்து காய்க்கும். குட்டிப் பழத்தில் சாறு குறைவு, தோல் கூடுதல், அதனால் சுவை அடர்த்தி. சாறு சின்ன ஓக் பீப்பாயிலேயே நொதிக்கிறது. அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியைக் கிளறி விடுவார்கள், அந்தத் தடிப்பு அதிலிருந்து வருகிறது. முந்திரி மணம் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவதால். ஓக் மரத்துக்குள்ளேயே லாக்டோன் என்ற பொருள் இருக்கிறது. முகர்ந்தால் சாட்சாத் தேங்காய்!

அதனால் சொதிக்குப் பீப்பாய் ஒயின், மீன் பொரியலுக்கு ஷப்லி. மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எதில் வேகிறது என்று பாருங்கள். சம்பலுக்கு இரண்டும் வேண்டாம். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கிளப்பிவிடும், ஓக்கும் கசக்கும். சம்பலைக் கடைசியில் கொண்டு வாருங்கள்.

செரம்பான் அக்கா:

மேசைக்காரத் தம்பி சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். சொதியில் அம்மா எலுமிச்சை எவ்வளவு பிழிவாங்க? எங்கள் வீட்டில் நிறைய. சாப்பாட்டில் புளிப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு நாக்குக்குத் தெரியாமல் போகும். ஏற்கெனவே புளிப்பு குறைந்த ஒயின் என்றால் சப்பென்று ஆகிவிடும். தேங்காய்ப்பாலை மட்டும் பார்த்து வாங்கிவிடாதேம்மா. ஒரு சின்னச் சட்டியில் வைத்துப் பார்த்துவிடு.

ஜெலுத்தோங் தங்கச்சி:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

அம்மா அடுப்பை அணைத்து, ஆவி அடங்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிவார். கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும். அதனால் பிழிவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தேன். முதலில் அதோடு மார்கரெட் ரிவர். மேசைக்கார அண்ணன் சொன்ன தேங்காய் அப்படியே வந்தது, பால் எங்கே முடிகிறது, ஒயின் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஷப்லி அந்தக் கிண்ணத்தோடு வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

அப்புறம் சட்டியில் அரை எலுமிச்சை, அம்மா அளவு. அதே ஒயின், அதே கரண்டி, ஆனால் எல்லாம் தலைகீழ். மார்கரெட் ரிவரில் பழத்தையே காணோம், மரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஷப்லியில் புளிப்பு அடங்கி, உள்ளே இருந்த பேரிக்காய் மணம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் கேட்காமலே இன்னொரு வாய் சொதி எடுத்துக்கொண்டார். பொரியலோடும் ஷப்லிதான் பிடித்தது. பொரியல் மேல் பிழிவதும் எலுமிச்சைதானே.

எலுமிச்சையைக் குறைத்தால் இரண்டும் ஓடும் என்று தெரிகிறது. ஆனால் அண்ணன் வருவது அம்மா கை ருசிக்கு. ஒயினுக்காகச் சொதியை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஷப்லி இரண்டு பாட்டில் வாங்குகிறேன்.

கேஎல் மேசைக்காரன்:

அருமையான சோதனை. அக்கா கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். மூடியுறைக்குக் கீழே கார்க் மேலே தள்ளிக்கொண்டு இருந்தால் அது எங்கேயோ வெயிலில் வெந்திருக்கிறது, வேண்டாம். ஷப்லிக்குப் பழுப்பு நிறம் தட்டியிருந்தாலும் வேண்டாம். உங்கள் தீபாவளிப் பாட்டிலுக்கும் சூடுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கடை அலமாரியில் விளக்குக்கு நேர் கீழே நிற்பதை எடுக்காமல், பின்னால் படுக்க வைத்ததைக் கேளுங்கள். வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போங்கள், காரில் விட்டுவிட்டுப் பாசாருக்குள் நுழைய வேண்டாம். 10 டிகிரியில் ஊற்றுங்கள். நம் ஊர் வெக்கைக்குக் கிளாஸில் பாதி மட்டும் ஊற்றி, பாட்டிலை ஐஸ் வாளியில் வையுங்கள்.

ஜெலுத்தோங் தங்கச்சி:

இன்று வாங்கிவிட்டேன் அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரி கழுத்தைத் தடவித்தான் எடுத்தேன், ஒரு பாட்டிலை வேண்டாம் என்று திருப்பியும் கொடுத்தேன். ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். மிச்சமுள்ள மார்கரெட் ரிவரை இன்று ராத்திரி எலுமிச்சை பிழியாத சொதியோடு முடித்துவிடுவோம்.