பொருள்: ‘ஃபால்ஸ் கலர்’ தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வகுப்பறை:
அன்பர்களே, பள்ளியில் வானியல் கண்காட்சி. பத்துப் படங்களுக்குத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவது, கழுகு நெபுலா என்ற வாயு மேகத்தின் தூண்களை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்தது. ‘ஃபால்ஸ் கலர்’ என்பதை ‘பொய் நிறப் படம்’ என்று எழுதி ஒரு மாணவியிடம் காட்டினேன். “பொய்ப் படத்தை எதுக்கு சார் மாட்டுறீங்க?” என்றாள். வேறு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

விண்கிறுக்கன்:
அந்தப் பெண் கேட்டது சரிதான். பெரிய தொலைநோக்கிகளில் இருக்கும் கேமராவுக்கு நிறமே தெரியாது. எத்தனை ஒளித்துகள் விழுந்தன என்று எண்ணும், அவ்வளவுதான். வருவது கறுப்பு வெள்ளை. வடிகட்டியை மாற்றி மாற்றி மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து அடுக்கினால் வண்ணப்படம். ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் வானியல் ஒளிப்படக்காரர் டேவிட் மாலின், பழைய ஒளிப்படக் கண்ணாடித் தட்டுகளை வைத்து இதைத்தான் செய்தார். சிவப்பு, பச்சை, நீலம் வழியாக எடுத்ததை அதே நிறங்களில் அடுக்கினார்.

தூண்கள் படத்தில் கதை வேறு. கந்தகத்தின் ஒளி 673 நானோமீட்டர், ஹைட்ரஜன் 656, ஆக்சிஜன் 502. முதல் இரண்டும் கண்ணுக்குச் சிவப்பு. அப்படியே விட்டால் எது கந்தகம், எது ஹைட்ரஜன் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அலைநீள வரிசை கெடாமல் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். இதில் பொய் எங்கே இருக்கிறது?

நேரில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அடுத்து கேட்பார்கள். பெரும்பாலும் சாம்பல்தான். எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும் நெபுலா பெரிதாகத் தெரியுமே தவிர, அதன் பரப்பு வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாகாது. மங்கலில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. ‘மெய் நிறம்’ என்பதற்கே முதலில் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது.

பழஞ்சுவடி:
‘போலி நிறம்’ என்றால் என்ன குறை? இலக்கணத்தில் போலி என்பது ஏமாற்று அல்ல. அறம் அறன் ஆகிறது, பந்தல் பந்தர் ஆகிறது. அறன் என்ன, பொய்யான அறமா? ஒன்றன் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதுதான் போலி. மேலும், தொல்காப்பியர் ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்கிறார். கெழு என்ற அருமையான சொல் சும்மா கிடக்கிறது. ‘போலிக் கெழு’ என்றும் சொல்லலாம். ‘வண்ணப்படம்’ என்பதையும் விடுவோம், வண்ணம் வடசொல்.

கடைசிபெஞ்ச்:
ஐயா, போலி டாக்டர், போலிச் சாமியார் என்று தினமும் செய்தி படிப்பவனுக்குக் கடைப்போலியா நினைவுக்கு வரும்? கெழு என்றால் கேழ்வரகா என்று கேட்பான். ‘மாற்று நிறம்’ என்று போடுங்கள், யாருக்கும் புரியும்.

பழஞ்சுவடி:
புரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும். நிறம் என்பதற்கே மார்பு என்றொரு பொருள் உண்டு. அதையும் கற்றுத்தானே வந்தோம்?

வடமராட்சி:
எங்கட பக்கம் தொலைநோக்கியைத் தொலைகாட்டி எண்டுதான் படிச்சனாங்கள். காட்டுறது தொலைகாட்டி, நோக்குறது மனுசன். கருவியை ‘நோக்கி’ எண்டு சொல்லுறது எப்படிச் சரி? நிற்க, ‘குறிநிறம்’ எண்டு வைக்கலாம். கந்தகத்தைக் குறிக்கிற நிறம்.

வகுப்பறை:
‘குறி’ என்று தொடங்கினால் ஒன்பதாம் வகுப்பு என்ன செய்யும் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும். வேண்டாம் அண்ணை. தொலைகாட்டி என்று எழுதினால் இங்கே டிவி என்று நினைப்பார்கள்.

சொல்வேலி:
வண்ணம் வடசொல்லா என்று பழைய இழையில் நாற்பது மடல் ஓடியது, அதை மறுபடி எழுப்ப வேண்டாம். ‘சுவருக்கு வெள்ளை அடித்தான்’ என்கிறோம். வெள்ளை என்ற பண்பு சுண்ணாம்புக்கு ஆகிவருகிறது, பண்பாகுபெயர். அந்தப் படத்திலும் சிவப்பு கந்தகத்துக்கும் பச்சை ஹைட்ரஜனுக்கும் ஆகிவருகின்றன. ‘ஆகுநிறம்’ என்றால் என்ன? ஆகுபெயர் தெரிந்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

விண்கிறுக்கன்:
அடடா. பிடித்திருக்கிறது.

பழஞ்சுவடி:
ஆகுபெயருக்கு இயல்பான தொடர்பு வேண்டும். சுண்ணாம்பு உண்மையிலேயே வெள்ளை. ஹைட்ரஜனின் இந்த ஒளி பச்சையா? நீங்களே சிவப்பு என்றீர்கள். தொடர்பில்லாததற்கு ஆகுபெயர் ஏது?

சொல்வேலி:
அலைநீள வரிசை இருக்கிறதே, அதுதான் தொடர்பு.

பழஞ்சுவடி:
அது நீங்கள் ஏற்றிய தொடர்பு.

கடைசிபெஞ்ச்:
‘மாற்று நிறம்’ என்று நான் காலையிலேயே சொன்னேன்.

வகுப்பறை:
வியாழன் இரவு பதினொன்றரை. ஆகுநிறம் நான்கு பேர் (தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்து), மாற்று நிறம் இரண்டு, போலி நிறம் ஒன்று. ‘ஆகுநிறப் படம்’ என்று அனுப்பிவிட்டேன். கீழே ஒரு வரி: ‘சிவப்பு கந்தகம், பச்சை ஹைட்ரஜன், நீலம் ஆக்சிஜன்’. உண்மையில் அந்த வரி இருந்தால் தலைப்பில் எந்தச் சொல் இருந்தாலும் பிழைத்துவிடும் போலிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழஞ்சுவடி:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். கெழு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

வடமராட்சி:
தொலைகாட்டிக்கு ஒருத்தரும் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லேல்லை.