க்ளோஸேயின் 16 கோல்: திறமையா, வெறும் கணக்கா?

கார்னர்கொடி:
ஜெர்மன் ஸ்ட்ரைக்கர் மிரோஸ்லாவ் க்ளோஸே 2002 முதல் 2014 வரை நான்கு கால்பந்து உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்தார். அந்தச் சாதனையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2002-இல் அடித்த 5-இல் 3, ஜெர்மனியிடம் 8-0 என்று சிதறிய சவுதி மேல். 2006-இல் கோஸ்டா ரிகா மேல் 2, அடுத்த சுற்று உறுதியானதால் முக்கிய ஆட்களை உட்காரவைத்த ஈக்வடார் மேல் 2. அவருக்கு முந்தைய தலைமுறை ஜெர்மன் ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் உலகக் கோப்பையில் 13 ஆட்டத்தில் 14 அடித்தார். க்ளோஸேக்கு 16 அடிக்க 24 ஆட்டம்.

பழைய ஸ்ட்ரைக்கர்:
அதே கத்தியால் முல்லரையும் வெட்டுங்கள் பாஸ். 1970-இல் அவர் அடித்த 10-இல் 7 மொராக்கோ, பல்கேரியா, பெரு மேல். க்ளோஸேயின் 16-இல் ஒரு பெனால்டிகூடக் கிடையாது. 2006 காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 80-ஆவது நிமிடம் ஹெடரில் சமன் செய்தாரே, அது எந்தச் சவுதி?

கார்னர்கொடி:
முல்லர் 1974 இறுதியாட்டத்தில் வெற்றி கோல் அடித்தவர். க்ளோஸே 2002, 2014 என இரண்டு இறுதியாட்டம் ஆடினார், கோல் பூஜ்யம். 2014-இல் அவரை வெளியே எடுத்து இறக்கிய மாரியோ கோட்ஸேதான் கோப்பையை வாங்கித்தந்தார். க்ளோஸே அடித்ததில் பாதி, காலை நீட்டினால் போதும் என்கிற கோல்.

பழைய ஸ்ட்ரைக்கர்:
நீட்டுகிற இடத்துக்கு முதலில் போகணுமே. 2010, இங்கிலாந்து ஆட்டம், 20-ஆவது நிமிடம்: ஜெர்மன் கோல்கீப்பர் நொயர் கோல் கிக்கை நேரே முன்னால் அடிக்கிறார். கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னாலேயே நிற்கலாம். இங்கிலாந்து டிஃபெண்டர் அப்ஸன் பக்கத்திலேயே ஓடுகிறார். க்ளோஸே உடம்பால் அவரை மறைத்து, சறுக்கிக்கொண்டே கால்நுனியால் தட்டுகிறார். 2014 கானா ஆட்டத்தில் களமிறங்கிய இரண்டாவது நிமிடமே, கார்னரில் சக வீரர் ஹோவெடஸ் தலையால் தட்டிவிட்ட பந்துக்கு மறுபக்கக் கம்பத்தில் வந்து நிற்கிறார். பந்து வந்த பிறகு ஓடியிருந்தால் இரண்டுமே இல்லை.

தடுப்பாளன்:
நடுவே ஒன்று. 2009-10-இல் ஜெர்மன் லீக்கான பண்டஸ்லிகாவில் பயெர்ன் கிளப்புக்கு க்ளோஸே அடித்தது 25 ஆட்டத்தில் வெறும் 3. அதே கோடையில் உலகக் கோப்பையில் 5 ஆட்டத்தில் 4. கிளப்பில் பாதி நாள் பெஞ்ச், ஓலிச்சோடும் கோமஸோடும் போட்டி. ஜெர்மனிக்கோ பின்னால் ஓஸில், பக்கங்களில் பொடோல்ஸ்கியும் தோமஸ் முல்லரும். எதிரணி ஏறிவந்ததும், அவர்கள் பின்னால் காலியாக விட்ட இடத்தில் பந்து அவருக்கு முன்னால் வந்துவிடும்.

கார்னர்கொடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அணி ஊட்டிவிட்டது.

பழைய ஸ்ட்ரைக்கர்:
2005-06-இல் பிரேமன் கிளப்புக்கு 25 அடித்து பண்டஸ்லிகாவில் கோல் கணக்கில் முதலிடம் பிடித்தபோதும் ஓஸிலா ஊட்டினார்?