புதுப்பிப்பு: ஊட்டியைச் சுற்ற வாடகைக் கார் – விடுபட்டவை

ஊட்டியை வாடகைக் காரில் சுற்ற முன்பு ஒரு வழித்திட்டம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்டது இரண்டு: இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி), கல்லட்டி (மசினகுடி–ஊட்டி மலைச்சாலை).

உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். அதில் வண்டி எண்ணைக் கேட்பார்கள். செல்ஃப் டிரைவ் (நாமே ஓட்டும் வாடகைக் கார்) நிறுவனங்கள் பல, எந்த வண்டி என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும். எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வண்டி மாறினால் பாஸும் புதிதாக எடுக்க வேண்டும். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தா என்று பாருங்கள்; செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான, வெள்ளை பிளேட்) வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் முதல் கியர்தான். வெளியூர் வண்டிகள் அதே வழியில் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். சுற்றுதான், வேறு வழியில்லை. முதுமலை, பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'-யிலேயே (டிரைவ்) விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதுதான் பெரிய தொல்லை: பிரேக் பேட் சூடேறி, கருகல் வாடை வந்து, பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. 'எல்' (லோ கியர்) அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி அரை மணி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் டிஸ்க் கோணிவிடும்.